இருமொழிக் கொள்கையின் இரண்டாவது மொழியை யார் சொல்லிக் கொடுப்பது?



வழக்கமா நம்ம பக்கத்துல வர்ற மாதிரி இது பதிலடிப் பதிவு இல்ல. கொஞ்சம் நீளமாவும் இருக்கும். ஆனா வீட்டுல படிக்கிற பிள்ளை இருந்தாலும், நீங்களே வேலை தேடிக்கிட்டு இருந்தாலும் கடைசி வரைக்கும் படிங்க. இது உங்களுக்கான பதிவு.

1968 ஜனவரி 23. அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ நம்ம சட்டமன்றத்துல இருமொழித் தீர்மானம் நிறைவேறிச்சு. தமிழும் ஆங்கிலமும் போதும், மூணாவதா ஒண்ணைத் திணிக்காதீங்கன்னு சொன்ன தீர்மானம். அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1965-ல, மாணவர்கள் தெருவுக்கு வந்து உயிரையே கொடுத்தாங்க. இன்னைக்கும் யாராவது மும்மொழின்னு ஆரம்பிச்சா நாம உடனே சொல்ற பதில் என்ன? "வீட்டுக்குத் தமிழ், உலகத்துக்கு ஆங்கிலம். எங்களுக்கு இது போதும்."

சரியான பதில்தான். ஆனா அந்தப் பதில்ல ஒரு பொறுப்பும் இருக்கு. "உலகத்துக்கு ஆங்கிலம்"னு சொல்லிட்டா, அந்த ஆங்கிலம் அரசுப் பள்ளியில படிக்கிற கடைசி பெஞ்சு பிள்ளைக்கும் வந்து சேரணும். சேருதா?

எங்க பேட்ச்ல தமிழ்வழியில படிச்சு வந்த பசங்க நிறைய பேர். கோடிங் ரவுண்டுல பின்னி எடுப்பாங்க. ஹெச்.ஆர். ரவுண்டுல "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு கேட்டா மனப்பாடம் பண்ணினதை மூச்சு விடாம சொல்லிடுவாங்க. அடுத்து சாதாரணமா ஒரு கேள்வி வரும்: "நேத்து என்ன பண்ணீங்க?" அங்கேதான் நின்னுடும். விஷயம் தெரியாமலா? இல்ல. பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படிச்சும் அந்த வாய் ஒரு தடவைகூட சொந்தமா ஒரு ஆங்கில வாக்கியத்தை உருவாக்கிப் பழகல.

1600 மணி நேரம் எங்கே போச்சு?

இன்ஜினியரிங் படிச்ச புத்தி, கணக்கு போடாம இருக்க முடியல. ஒரு நாளைக்கு 40 நிமிஷ ஆங்கில வகுப்பு ஒண்ணு. தேர்வு, விடுமுறை எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு 200 நாள்னு வெச்சுக்குவோம். 8000 நிமிஷம், அதாவது சுமார் 133 மணி நேரம். 12 வருஷத்துக்கு ஏறத்தாழ 1600 மணி நேரம்.

ஐரோப்பிய மொழி அளவுகோல்ல பி2-ன்னு ஒரு நிலை இருக்கு. வேலை இடத்துல தட்டுத்தடுமாறாம பேச, எழுத, படிக்க முடியுற நிலை. ஆரம்பத்துல இருந்து அங்கே போய்ச் சேர, வழிகாட்டுதலோட சுமார் 500 முதல் 600 மணி நேரம் தேவைன்னு கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு மதிப்பிடுது. நாம செலவழிக்கிறது அதைப் போல ரெண்டரை மடங்குக்கும் மேல. ஆக, நேரம் பத்தலைன்னு சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கு. வகுப்புல 40 பிள்ளைங்க, 40 நிமிஷம். ஆசிரியர் வாயையே திறக்காம ஒவ்வொருத்தரா பேச விட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு நிமிஷம். நடைமுறையில அதுவும் கிடையாது. ஆசிரியர் பாடத்தை வாசிப்பார், தமிழ்ல அர்த்தம் சொல்வார், கேள்வி-பதில் போர்டுல எழுதுவார், பிள்ளைங்க நோட்டுல எழுதுவாங்க. ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? பொதுத்தேர்வு ஹால்ல யாரும் பிள்ளையை ஆங்கிலத்துல பேசச் சொல்றதில்லையே. தேர்வு எதைக் கேட்குதோ, வகுப்பு அதைத்தான் கொடுக்கும்.

அதே 40 பேரை 20 ஜோடியா பிரிச்சு, ஒரே நேரத்துல பேச விட்டா? பத்து நிமிஷத்துல ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிஷம். சத்தமா இருக்கும். இருக்கட்டும். மொழி வகுப்புல சத்தம் இருக்கணும்.

"அப்போ ஆங்கிலவழியில சேர்த்துடலாமே?"

பெற்றோர் நிறைய பேர் நம்புறது இதைத்தான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுறதும் இதுக்காகத்தான். அவங்க ஆசையில தப்பே இல்ல. ஆனா ஆங்கிலத்துல பாடம் நடத்துறது வேற, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறது வேற.

கனடாவுல நடந்ததைப் பாருங்க. 1965-ல மான்ட்ரியல் பக்கத்துல ஒரு பள்ளியில, ஆங்கிலம் பேசுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சுல நடத்த ஆரம்பிச்சாங்க. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நல்ல புத்தகம், வசதியான பள்ளி. பல வருஷம் கழிச்சு மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் இந்த மாதிரிப் பள்ளிகள்ல படிச்ச பிள்ளைங்களை ஆராய்ஞ்சாங்க. பிரெஞ்சைக் கேட்டுப் புரிஞ்சுக்கிறதுல அவங்க கிட்டத்தட்ட பிரெஞ்சுப் பிள்ளைங்க மாதிரியே இருந்தாங்க. பேச்சுலயும் எழுத்துலயும் அப்படி இல்ல, பிழைகள் அப்படியே நின்னுடுச்சு. 1985-ல ஸ்வெயின் எழுதின விளக்கம் எளிமையானது: கேட்டா மட்டும் போதாது, அந்த மொழியில சொந்தமா வாக்கியம் உருவாக்கவேண்டிய கட்டாயம் பிள்ளைக்கு வரணும்.

எல்லா வசதியும் இருந்த இடத்துலயே நிலைமை இது. நம்ம ஊர்ல, ஆசிரியரே தயங்கித் தயங்கி ஆங்கிலத்துல அறிவியல் நடத்துற வகுப்புல பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அறிவியலும் புரியாது, ஆங்கிலமும் வராது. தமிழ்ல அறிவியலை நல்லாப் புரிஞ்சுக்கிட்டு, ஆங்கிலத்தை மொழியாகப் பழகின பிள்ளைதான் கடைசியில முன்னாடி போகும்.

சரி, எப்படிப் பழக்குறது? வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். முதல் பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு.

1. வேலையைக் கொடுங்க, மொழி தானா வரும்

என்.எஸ்.பிரபுன்னு ஒருத்தர். சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல ஆங்கில மொழி அலுவலரா இருந்தவர். 1979-ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்கள்ல சில சாதாரணப் பள்ளிகள்ல ஒரு முயற்சி நடத்தினார். "இன்னைக்கு நிகழ்காலம், நாளைக்கு இறந்தகாலம்"னு இலக்கணத்தை வரிசையா நடத்துறதை விட்டுட்டு, பிள்ளைங்க கையில ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம் மாதிரி ஏதாவது கொடுத்துக் கணக்கு போடச் சொன்னார். எந்த ரயில்ல ஏறினா நேரத்துக்குப் போகலாம்? இங்கிருந்து அங்கே போக எது குறுக்குவழி?

முதல்ல ஆசிரியர் அதே மாதிரி ஒரு வேலையை மொத்த வகுப்போட சேர்ந்து கேள்வி கேட்டே செய்வார். அப்புறம் பிள்ளைங்க தனியா செய்வாங்க. பார்க்கிறது விடை சரியான்னுதான், இலக்கணத்தை இல்ல. விடை கண்டுபிடிக்கிற அவசரத்துல பிள்ளை மொழியைப் பயன்படுத்திடும், பயன்படுத்துறதுலயே கத்துக்கும். இதைப் பத்தி 1987-ல வந்த அவரோட புத்தகத்தை இன்னைக்கும் உலகம் முழுக்க மொழி ஆசிரியர் பயிற்சியில படிக்கிறாங்க. சென்னையிலயும் பெங்களூருலயும் சாதாரணப் பள்ளிகள்ல செய்து பார்த்த முறை இது. நம்ம பிள்ளைங்க கிட்டதான் அது இன்னும் முழுசா வந்து சேரல.

நீங்களே செய்யலாம். பஸ் ஸ்டாண்டு நேர அட்டவணையில பாதியை ஒரு பிள்ளைகிட்டயும் மீதியை இன்னொரு பிள்ளைகிட்டயும் கொடுங்க. ஒருத்தர் தாளை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. "காலைல 11 மணிக்குத் திருச்சியில இருக்கணும், எந்த பஸ்?" ஆங்கிலத்துல கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். செலவு ரெண்டு தாள்.

2. படிக்கப் புத்தகம் வேணும், பாடப்புத்தகம் மட்டும் போதாது

கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆட்களைக் கப்பலேத்திக் கொண்டுபோன பிஜித் தீவு ஞாபகம் இருக்கா? அங்கே 1980 வாக்குல கிராமப்புறப் பள்ளிகள்ல வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. நாலாவது, அஞ்சாவது வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகம். ஆங்கில நேரத்துல தினமும் 20, 30 நிமிஷம் அதைப் படிக்கணும், இல்ல ஆசிரியரோட சேர்ந்து படிக்கணும். அவ்வளவுதான். எட்டு மாசம் கழிச்சுப் பார்த்தா, படிச்சுப் புரிஞ்சுக்கிறதுலயும் கேட்டுப் புரிஞ்சுக்கிறதுலயும் அந்தப் பிள்ளைங்க வழக்கமான வேகத்தைப் போல ரெண்டு மடங்கு முன்னேறியிருந்தாங்க.

ஒரு நிபந்தனை இருக்கு. புத்தகம் சுலபமா இருக்கணும். உதவி இல்லாம சுகமாப் படிக்கணும்னா ஒரு பக்கத்துல 100-க்கு 98 சொல் தெரிஞ்சிருக்கணும்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. பத்தாவது படிக்கிற பையன் கையில ஆங்கில நாளிதழைக் கொடுத்து "தினமும் படி"ன்னு சொல்றது, நீச்சல் தெரியாதவனைக் கடல்ல இறக்குறது மாதிரி. நாலு நாள்ல விட்டுடுவான். மூணாவது வகுப்புக் கதைப் புத்தகத்துல ஆரம்பிக்கிறதுல வெட்கமே வேண்டாம்.

பிரதம் புக்ஸ் 2015-ல தொடங்கின 'ஸ்டோரிவீவர்' தளத்துல ஆயிரக்கணக்கான கதைகள் இலவசமா இருக்கு, நிலை வாரியா பிரிச்சு. பல கதை தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் இருக்கு. முதல்ல தமிழ்ல படிக்கச் சொல்லுங்க, அப்புறம் அதையே ஆங்கிலத்துல. கதை தெரிஞ்சதால அகராதி பக்கமே போக வேண்டியிருக்காது.

3. தமிழ்தான் ஏணி

"வகுப்புல தமிழ் பேசினா ஃபைன்"னு சில பள்ளிகள்ல பிள்ளைங்ககிட்ட காசு வாங்குறாங்க. இதைவிடப் பெரிய அநியாயம் இல்ல. தாய்மொழியைத் துணைக்கு வெச்சுக்கிட்டு இரண்டாவது மொழியைச் சொல்லிக் கொடுக்கிற இருமொழி முறையைப் பத்தி சி.ஜே.டாட்சன் 1967-லயே புத்தகம் எழுதிட்டார். அர்த்தத்தைத் தாய்மொழியில ஒரு நொடியில சொல்லிட்டு, மிச்ச நேரத்தை ஆங்கிலப் பயிற்சிக்குக் கொடுக்கிறதுதான் அதோட சாரம். நாம செய்றது தலைகீழ்: முழு வகுப்பும் தமிழ்ல விளக்கம், பயிற்சிக்கு நேரமே இல்ல. தமிழை மருந்து மாதிரி அளவாப் பயன்படுத்தணும்.

ஒரு உதாரணம். "நான் – நேத்து – மதுரைக்கு – பஸ்ல – போனேன்." முதல் சொல்லை அப்படியே விட்டுட்டு மீதியைக் கடைசியிலிருந்து படிங்க: "ஐ – வென்ட் – பை பஸ் – டு மதுரை – எஸ்டர்டே." பார்த்தீங்களா? தமிழ்ல வினை கடைசியில, ஆங்கிலத்துல எழுவாய்க்கு அடுத்து. தமிழ்ல 'க்கு' சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும், ஆங்கிலத்துல 'டு' முன்னாடி வந்து நிக்கும். எல்லா வாக்கியமும் இப்படிக் கச்சிதமாத் திரும்பாது. ஆனா இந்த ஒரு சூத்திரத்தைப் பிடிச்சுக்கிட்ட பிள்ளை முதல் தயக்கத்தைத் தாண்டிடும்.

இன்னொண்ணு. "நான் மூணு வருஷமா சென்னையில இருக்கேன்." தமிழ்ல 'இருக்கேன்' நிகழ்காலம். அதனால பிள்ளை "ஐ ஆம் இன் சென்னை ஃபார் த்ரீ இயர்ஸ்"னு சொல்லும். ஆங்கிலத்துல அது "ஐ ஹேவ் பீன்" ஆகணும். 'மூணு வருஷமா'ங்கிற அந்த 'ஆ' வந்தா 'ஹேவ் பீன்' பக்கம் போகணும்னு தமிழை வெச்சு விளக்கினா ரெண்டு நிமிஷ வேலை. இலக்கணப் பெயரை மட்டும் போர்டுல எழுதினா ரெண்டு வருஷமானாலும் ஏறாது.

4. சொல்லை மனப்பாடம் பண்ணாதீங்க, மறக்குறதுக்கு முன்னாடி திரும்பப் பாருங்க

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அந்தக் காலத்து வங்காளத்துல, டாக்காவுல ஆசிரியர் பயிற்சியில இருந்தவர். பிள்ளைங்க கஷ்டமான சொற்கள்ல மூழ்கிப் போறதைப் பார்த்து, எது ரொம்ப அடிக்கடி வருதோ அதை முதல்ல கொடுங்கன்னு சொன்னார். 1953-ல அவர் வெளியிட்ட பட்டியல்ல சுமார் 2000 சொல் இருக்கு. ஒரு சாதாரண ஆங்கிலப் பக்கத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் இந்தச் சொற்களும் அவற்றின் வடிவங்களும்தான். தினமும் 6 சொல் எடுத்தா ஒரே வருஷத்துல முடிஞ்சிடும்.

எப்படி நிறுத்துறது? ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லயே தன் மேலேயே சோதனை செஞ்சு காட்டிட்டார்: படிச்சது முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே வேகமா மறந்து போகும், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தா நிக்கும். 1972-ல செபாஸ்டியன் லைட்னர் இதுக்கு அட்டைப்பெட்டி முறை ஒண்ணு சொன்னார். பழைய கல்யாணப் பத்திரிகையைச் சின்னச் சின்னதா வெட்டுங்க. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலச் சொல்லும் அதை வெச்சு ஒரு சின்ன வாக்கியமும். மூணு பெட்டி. முதல் பெட்டி தினமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணாவது வாரம் ஒரு தடவை. சரியாச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பா சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். போன்ல வேணும்னா 'அங்கி'ன்னு ஒரு செயலி இதையே தானா செய்யும். ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் இலவசம்.

5. காதுக்கும் வாய்க்கும் பயிற்சி

முதுகு, பை, மூட்டை கட்டுறது. இந்த மூணுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. மூணும் 'பேக்'தான்! தமிழ் எழுத்து தமிழுக்காக வந்தது, அதுல குறை இல்ல. ஆனா ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழ்ல எழுதி வெச்சுப் படிக்கிற பழக்கம் இருந்தா காது அந்த வித்தியாசத்தைக் கத்துக்கவே கத்துக்காது. அதனால உச்சரிப்பைக் கேட்டுத்தான் படிக்கணும்.

இன்னொரு சிக்கல், அழுத்தம். நாம எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே அளவுல சொல்வோம். ஆங்கிலத்துல ஒரு அசையை ஓங்கிச் சொல்லிட்டு மத்ததை விழுங்கிடுவாங்க. நம்ம 'வெஜிடபிள்' அவங்க வாயில 'வெஜ்டபிள்'. 'போட்டோகிராஃப்'ல அழுத்தம் முதல் அசையில, 'ஃபொடாகிரஃபி'ல ரெண்டாவது அசையில. ஆங்கிலப் படம் பார்க்கும்போது தெரிஞ்ச சொல்லே காதுல விழாம போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுக்கு ஒரு பயிற்சி: ரெண்டு நிமிஷ ஆடியோ எடுத்துக்குங்க. பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' மாதிரி கற்பவர்களுக்காகவே செஞ்சது நல்லது. முதல்ல சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கிட்டே கேளுங்க. மூணாவது தடவை பேசுறவர் பின்னாலேயே நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு நீங்களும் பேசுங்க. கஷ்டமா இருந்தா யூடியூப்ல வேகத்தை 0.75 ஆக்குங்க. சப்டைட்டில் போட்டா ஆங்கிலத்துலயே போடுங்க. தமிழ் சப்டைட்டில் போட்டா கண்ணு கதையைப் படிச்சிடும், காது தூங்கிடும். கடைசியா உங்க குரலை போன்ல பதிவு செஞ்சு கேளுங்க. முதல் வாரம் கூச்சமா இருக்கும். ஒரு மாசம் கழிச்சு அந்த முதல் பதிவை எடுத்துக் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

6. திருத்துங்க, ஆனா நிறுத்தாதீங்க

பிள்ளை பேசும்போதே குறுக்கே புகுந்து "வென்ட் இல்ல, கோ"ன்னு திருத்தினா அடுத்த தடவை அது வாயைத் திறக்காது. பேசி முடிக்கட்டும். அப்புறம் முக்கியமான மூணு பிழையை மட்டும் சொல்லுங்க. முப்பதைச் சொல்லாதீங்க.

நம்ம ஊர்ல இன்னொரு நோய் இருக்கு. ஒருத்தன் ரெண்டு வாக்கியம் ஆங்கிலத்துல முயற்சி பண்ணினா "பீட்டர் விடுறான்டா"ன்னு கிண்டல். தப்பா பேசினா சிரிப்பு, சரியா பேசினா பீட்டர். அப்புறம் எப்படிப் பேசுவான்? பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கிண்டல் கிடையாது, அவனுக்குப் பழகிக்க வீடே இருக்கு. கிண்டல் விழுறது முதல் தலைமுறையா படிக்க வந்தவன் மேலதான். தோழர்களே, இந்த ஒரு வார்த்தையை நம்ம வட்டத்துலயாவது நிறுத்துவோம்.

ஏ.ஐ. இருக்கே?

இருக்கு, நல்லாவே பயன்படுது. பேசிப் பழக ஆள் இல்லாதவங்களுக்கு நடுராத்திரியிலயும் சலிக்காம பேசுற துணை. ஆனா எப்படிக் கேட்கிறோம்ங்கிறது முக்கியம். "எனக்கு ஒரு சுய அறிமுகம் எழுதிக் கொடு"ன்னு கேட்டா அது நல்லா எழுதும், நீங்க அப்படியே இருப்பீங்க. இப்படிக் கேளுங்க: "நீ நேர்காணல் நடத்துபவர். சின்ன, எளிய கேள்வியா ஒவ்வொண்ணா கேளு. பத்து கேள்வி முடிஞ்சதும் என் பிழைகள்ல முக்கியமான மூணை மட்டும் தமிழ்ல விளக்கு." தட்டச்சு செய்யாம வாயாலேயே பதில் சொல்லுங்க. ஆதார் எண், வங்கி விவரம் மாதிரி எதையும் அதுல போடாதீங்க.

"30 நாள்ல சரளமான ஆங்கிலம்"னு விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மேலே சொன்ன கேம்பிரிட்ஜ் கணக்குப்படி 500 மணி நேரத்தை 30 நாள்ல அடைக்கணும்னா தினமும் 16 மணி நேரத்துக்கு மேல படிக்கணும். யாரால முடியும்?

நாம என்ன செய்யணும்?

முதல்ல அரசுக்கு, யார் ஆட்சியில இருந்தாலும், நாம வைக்கிற கோரிக்கை. ஒண்ணு: ஆங்கிலத் தேர்வுல பேசுறதுக்கும் கேட்கிறதுக்கும் மதிப்பெண் வேணும். தேர்வு மாறினா வகுப்பு தானா மாறும். ரெண்டு: ஒவ்வொரு வகுப்பறைக்கும் நிலை வாரியா கதைப் புத்தகம், பீரோவுல பூட்டி வைக்காம பிள்ளை கைக்கு எட்டுற இடத்துல. மூணு: ஆங்கில ஆசிரியர்கள் தாங்களே பேசிப் பழக, கூச்சமில்லாத தொடர் பயிற்சி. ஆசிரியர் பேசாம பிள்ளை பேசாது. நாலு: பிள்ளையை வகுப்பு எண்ணை வெச்சுப் பார்க்காம நிலையை வெச்சுப் பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கிறது. 2022-ல வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு சின்ன வகுப்புகளுக்கு இதைச் செஞ்சாங்க. எட்டாவதுலயும் பத்தாவதுலயும் அரும்பு நிலையில நிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் அது வேணும்.

அடுத்து நமக்கு. இந்த மண்ணுல அரசியல் வளர்ந்ததே படிப்பகத்துலதான். டீக்கடை பெஞ்சுல ஒருத்தர் பத்திரிகையைச் சத்தமா வாசிக்க, பத்து பேர் கேட்டு வளர்ந்த இயக்கங்கள் இங்கே உண்டு. 2021-ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்தப்போ சாயங்கால நேரத்துல தன்னார்வலர்கள் தெருத்தெருவா பிள்ளைங்களை உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. நம்மால முடியும்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. இப்போ ஒவ்வொரு கிளையிலயும் வாரத்துக்கு நாலு நாள், ஒரு மணி நேரம் போதும்:

10 நிமிஷம் – சொல் அட்டைப் பெட்டி.
15 நிமிஷம் – அவரவர் நிலைக்கு ஏத்த கதைப் புத்தகம், அமைதியா.
10 நிமிஷம் – ஆடியோ கேட்டு நிழல் பயிற்சி.
20 நிமிஷம் – ஜோடியா ஒரு வேலை: பஸ் அட்டவணை, ஊர் வரைபடம், கடை விலைப்பட்டியல், நேர்காணல்.
5 நிமிஷம் – இன்னைக்கு என்ன செஞ்சோம்னு போன்ல பேசிப் பதிவு.

நடத்துறவர் ஆங்கிலப் புலவரா இருக்கத் தேவையில்ல. உச்சரிப்பை ஆடியோ பார்த்துக்கும், கதையைப் புத்தகம் பார்த்துக்கும். நேரம் பார்த்து, ஜோடி பிரிச்சு, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்காம பார்த்துக்க ஒருத்தர் போதும். பிள்ளை எந்தக் கட்சிக் குடும்பம்னு கேட்காதீங்க. அந்த ஒரு மணி நேரத்துல கொடியும் வேண்டாம், கோஷமும் வேண்டாம்.

தமிழ் நம்ம உயிர்னு மேடையில சொல்றோம். அந்தத் தமிழைக் காப்பாத்துறதுக்கு நாம தேர்ந்தெடுத்த கருவி ஆங்கிலம். கருவி நாலு பேர் வீட்டுப் பரண்ல மட்டும் இருந்தா அது கொள்கை ஆகாது, சலுகை ஆயிடும். மூணாவது மொழி வேண்டாம்னு சொல்ற உரிமை நமக்கு முழுசா இருக்கணும்னா, ரெண்டாவது மொழியை எல்லாப் பிள்ளைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையும் நமக்குத்தான்.

உங்க கிளையில ஒரு அறை, ஒரு விளக்கு, அம்பது கதைப் புத்தகம் தயார் பண்ண முடியுமா? முடியும்னா கமெண்ட்ல ஒன்றியம், கிளைப் பெயரை மட்டும் போடுங்க. மாவட்ட அணியில இருந்து கூப்பிடுவாங்க. சொல் அட்டை, ஜோடி வேலைக்கான தாள் எல்லாம் நாங்களே தயார் செஞ்சு அனுப்புறோம். ஏற்கெனவே இப்படி நடத்திக்கிட்டு இருக்கிற ஆசிரியர்கள் இருந்தா, உங்க அனுபவத்தைக் கீழே எழுதுங்க. நாங்க கத்துக்கிறோம்.

படிச்சுட்டு நகராதீங்க, உங்க பகுதி வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#இருமொழி_எல்லோருக்கும் #கிளைதோறும்_படிப்பகம்